வருகிறவருக்கு ஒரு பங்கு

சண்டைக்குத் தப்பி ஓடிவந்த சனம் சுவாமியின் மடத்தைச் சுற்றி நிறைந்துவிட்டது. மரத்துக்கு மரம் தறப்பாள் கூடாரம். சமையலுக்குப் பொறுப்பாக நின்றவர் சபாநாதன். சுவாமியிடம் சீடராக வருமுன் கூட்டுறவுச் சங்கத்தில் மனேஜராக இருந்தவர். வரிசை கோணினால் அவருக்குச் சோறு இறங்காது.

மூன்றாம் நாள் காலை அவர் சுவாமியிடம் வந்தார்.

“மருதமரத்தடியில பவளம் எண்டு ஒரு மனுசி, சுவாமி. பிள்ளையள் மூண்டையும் வரிசைக்கு அனுப்புறா. தான் வாறதில்லை. மூண்டு நாளாத் தண்ணி மட்டுந்தான். இண்டைக்கு எழும்பவே தலை சுத்துதாம்.”

“ஏன் வரேல்லையாம்?”

“தட்டேந்தி நிண்டு பழக்கமில்லையாம். அந்த நிலையிலயும் கதையைப் பாருங்கோ.”

“அரிசி குடு. ஒரு பானையும் மூண்டு கல்லும் குடு.”

“சமைச்ச சோறு இருக்கேக்க அரிசி எதுக்கு?”

சுவாமி அரிசி மூட்டையைக் கையால் காட்டினார். சபாநாதன் தலைதட்டி அளந்து, அரிசியும் பருப்பும் கொண்டுபோய்க் கொடுத்தார்.

மதியம் அவர் திரும்பி வந்தபோது முகத்தில் ஒரு நிறைவு இருந்தது.

“சமைச்சாவோ?”

“ஓம் சுவாமி. பிள்ளையளுக்குப் போட்டா. ஒரு பங்கை இலையில எடுத்து வச்சா. ஆருக்கு எண்டு கேட்டன். ‘வாறவைக்கு. நீங்கள்தான் வந்திட்டியளே தம்பி, இருந்து கை நனைச்சிட்டுப் போங்கோ’ எண்டா.”

“நீ?”

“வீடுவாசல் இழந்த மனுசியின்ர சோத்தை நான் எப்பிடித் தின்னுறது? கும்பிட்டுப்போட்டு வந்திட்டன்.”

“பிறகு அவ சாப்பிட்டாவோ?”

சபாநாதன் யோசித்தார். “இல்லை. இலையை மூடி வச்சா.”

சுவாமி எழுந்து வெயிலில் இறங்கி நடந்தார். சபாநாதன் குடையோடு பின்னால் ஓடினார்.

பவளத்தின் கூடாரம் இரண்டு தடியும் ஒரு தறப்பாளும்தான். கதவு கிடையாது. சுவாமி வெளியே நின்று குரல் கொடுத்தார்.

“வீட்டில ஆர் நிக்கிறீங்கள்?”

பவளம் கூந்தலை முடிந்துகொண்டு தள்ளாடி வந்தாள். சுவாமியைக் கண்டு திகைத்தாள். பிறகு நிமிர்ந்து நின்றாள்.

“வாங்கோ சுவாமி. குனிஞ்சு வாங்கோ, வாசல் பதிவு.”

கால் கழுவ அரைச் செம்பு தண்ணீர் கொடுத்தாள். ஓலைத்துண்டு விரித்தாள். மூடிவைத்த இலையைத் திறந்து பருப்பு ஊற்றினாள்.

“நீயும் போட்டுச் சாப்பிடன் பிள்ளை.”

“முதல்ல வந்த ஆக்கள் சுவாமி. பிறகுதான் நான். எங்கட வீட்டு வழமை.”

சுவாமி ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். போதாததற்கு, இன்னும் ஒரு அகப்பை கேட்டு வாங்கினார். பானைக்குள் ஒரு பிடிதான் மிச்சம் கிடந்ததைச் சபாநாதன் எட்டிப் பார்த்தார்.

“உப்புக் காணுமோ சுவாமி?”

“காணும் பிள்ளை, அளவா இருக்கு. நல்ல சோறு.”

அந்த மிச்சத்தை வழித்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டு பவளம் உட்கார்ந்தாள். மூன்று நாளைக்குப் பிறகு முதல் கவளத்தை வாயில் வைத்தாள். மெதுவாக மென்றாள். பிள்ளைகள் மூவரும் தாயின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சபாநாதனுக்குக் கால் கழுவாமல் உள்ளே வந்துவிட்டது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சத்தமில்லாமல் வெளியே போய் நின்றார்.

திரும்பும் வழியில் சபாநாதன் சுவாமிக்குக் குடை பிடித்துக்கொண்டு நடந்தார்.

“நாளைக்கும் ஒரு பங்கு எடுத்து வைப்பா, சுவாமி.”

“வைப்பா. நாளைக்கு நீ போ.”

“போய் என்ன சொல்ல?”

“ஒண்டும் சொல்லாத. பசியோட போ.”