பிடிக்குப் பின்னால் ஒரு மரு

கூழைமலைப் பாளையத்தில் அரண்மனைக் கொல்லர் மாடசாமி ஆசாரி வைத்ததுதான் சட்டம். அவர் பட்டறையில் துருத்தி ஊதும் செங்காயி தானே ஒரு கத்தி செய்துவிட்டாள் என்று தெரிந்ததும், அவளைப் பாளையக்காரர் முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்.

ஆசாரியின் கத்தியில் அலகின் இரும்பு வால் மரப்பிடிக்குள் பாதியோடு நின்றுவிடும். மிச்சத்தை அரக்கு பிடித்துக்கொள்ளும். செங்காயியோ வாலைப் பிடி நெடுகச் செலுத்தி, பின்னால் எட்டிப் பார்த்த நுனியைத் தட்டிப் பரப்பியிருந்தாள்.

“பாருங்க சாமி, பின்னால மரு முளைச்சிருக்கு,” என்றார் ஆசாரி.

பாளையக்காரர் வெற்றிலையை மென்றபடி முன்னால் வைத்த இரண்டு கத்தியையும் பார்த்துவிட்டு, காவலாளிகள் பக்கம் திரும்பினார். “ரெண்டுல எது மட்டமோ, அதைச் செஞ்சவங்க கட்டைவிரலை எடுத்துருங்க.”

செங்காயி கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டாள். “ஆசாரி கத்தி அழகுதாங்க சாமி. என்னுது கரி பிடிச்சுக் கிடக்கு. ரெண்டையும் வெந்நீர்ல கழுவிட்டுப் பாருங்க.”

“என் கத்திக்கு வெந்நீர் ஆகாது,” என்றார் ஆசாரி அவசரமாக.

“சாமிக்குச் சுடுகறி அறுக்க மட்டும் ஆகுமாங்க?”

பாளையக்காரர் மெல்லுவதை நிறுத்தினார்.

கொதிக்கிற அண்டா வந்தது. இரண்டு கத்தியும் உள்ளே போயின. நுனியை இன்னும் நாலு தட்டுத் தட்டியிருக்கலாமோ என்று செங்காயி நினைத்தாள். சற்று நேரத்தில் ஒரு பிடி மட்டும் தனியாக மேலே மிதந்து வந்தது. யாருடையது என்று தெரியவில்லை.

பாளையக்காரர் அதைக் கரண்டியால் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

பின்னால் மரு இல்லை. உள்ளிருந்து இளகிய அரக்கு வழிந்தது.

ஆசாரி தன் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார்.