வடிவு நின்ற படி

“எனக்கு எப்ப சாமி காவி கொடுப்பீங்க?”

கேட்டவர் குழந்தைவேலு. நந்தவனத்தில் அரளி பறித்துக்கொண்டிருந்த அடிகள் கூடையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டார்.

நல்லகரை மடத்தில் சீடர் குருவைவிட மூத்தவர். குருவுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. ஊரார் அவரை இளைய அடிகள் என்று கூப்பிட்டார்கள். குழந்தைவேலுவுக்கு அறுபது நெருங்கிக்கொண்டிருந்தது.

மடத்துக்கு வருவதற்கு முன்னால் குழந்தைவேலு அந்த ஊரில் மைக் செட் வைத்திருந்தார். பங்குனி உத்திரம், மாட்டுப் பொங்கல், மார்கழி பஜனை, காதுகுத்து, எதுவாக இருந்தாலும் அவருடைய ஒலிபெருக்கிக் குழாய்தான் முதலில் பாடும். மரத்தில் ஏறி அவர் குழாய் கட்டிவிட்டால் ஊருக்குத் திருவிழா வந்துவிட்டது என்று அர்த்தம்.

அவருக்கு ஒரே மகள், தையல்நாயகி. சிவநேசன் என்ற பையனுக்குக் கட்டிக்கொடுத்து, முதல் ஆடிக்கு அழைத்து வந்திருந்தார்கள். பதினெட்டாம் பெருக்கன்று கல்யாண மாலையைக் காவிரியில் விடுவதற்காக அவள் படித்துறையில் இறங்கினாள். அணையில் தண்ணீர் திறந்திருந்தார்கள். கடைசிப் படியில் பாசி. கால் வழுக்கியது. சிவநேசன் மேல்படியில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

அவள் கத்தியிருக்கத்தான் வேண்டும். துறையில் அத்தனை கூட்டம். ஆனால் தலைக்கு மேலே அரசமரத்தில் அவளுடைய அப்பாவின் குழாய்கள் அம்மன் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தன. யார் காதிலும் எதுவும் விழவில்லை.

மறுநாள் கதவணையில் ஒதுங்கிக் கிடந்தாள்.

காரியம் முடிந்ததும் குழந்தைவேலு ஆம்பிளிஃபயரையும் குழாய்களையும் கேட்டவர்களுக்குத் தூக்கிக் கொடுத்தார். மனைவி வடிவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மடத்துக்கு வந்துவிட்டார். வீடு இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது. அதற்குப் பிறகு அவர் அந்தப் பக்கம் போகவில்லை.

மடத்து வேலையில் அவருக்கு ஈடாக யாரும் இல்லை. மாட்டுக் கொட்டகை கழுவுவார், விளக்குத் துலக்குவார், வருகிறவர்களுக்குச் சோறு போடுவார். யாரோடும் பேசமாட்டார். ஆடிப்பெருக்கு வந்தால் மட்டும் விடிவதற்கு முன்பே நெல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். காது இரண்டிலும் பஞ்சு அடைத்துக்கொள்வார். பொழுது சாய்ந்த பிறகுதான் வெளியே வருவார். வருடா வருடம் இப்படித்தான் போயிற்று.

“நாளைக்குப் பெருக்கு,” என்றார் குழந்தைவேலு. “நாளைக்காவது கொடுத்திருங்க சாமி. காவி கட்டிட்டா எனக்கு அந்த நாள் கிடையாது.”

“எந்த நாள்?”

“ஊரே கூடிச் சிரிக்கிற நாள். எம் பொண்ணு செத்த இடத்துல இலை போட்டுச் சித்திரான்னம் சாப்பிடுறாங்க சாமி. எப்படி முடியுது? அவங்க தொண்டையில எப்படி இறங்குது?”

“அவங்களையே கேக்கலாம். காலையில படித்துறைக்கு வாங்க. காவி விஷயத்தை அங்க வச்சுப் பேசிக்குவோம்.”

“அங்க மட்டும் கூப்பிடாதீங்க.”

“சரி. வர வேண்டாம்.”

அடிகள் அடுத்த செடிக்குப் போய்விட்டார்.

காலையில் அடிகள் தனியாகத்தான் புறப்பட்டார். கடைத்தெரு தாண்டித் திரும்பிப் பார்த்தபோது குழந்தைவேலு பின்னால் வந்துகொண்டிருந்தார். தலை குனிந்திருந்தது. காதுகளில் பஞ்சு.

தெரு முழுக்கப் பெண்கள். தாம்பாளத்தில் காப்பரிசி, காதோலை, கருகமணி, மஞ்சள் கயிறு. சின்னப் பிள்ளைகள் சப்பரத்தட்டிகளை, அந்தக் குட்டி மரத்தேர்களை, இழுத்துக்கொண்டு ஓடின. எல்லா வீட்டிலிருந்தும் புளியோதரை மணம் வந்தது. தெரிந்தவர்கள் குழந்தைவேலுவைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். அவர் கடந்து போனதும் மெதுவாகத் தொடர்ந்தார்கள்.

ஆற்றங்கரை நெருங்க நெருங்க அவருடைய நடை தளர்ந்தது. அந்த அரசமரம் தெரிந்தது. அதன் கிளைகளை ஏறிட்டுப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். காதிலிருந்து பஞ்சை எடுத்தார்.

தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. வளையல் சத்தம், குழந்தை அழுகிற சத்தம், யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடுகிற சத்தம். அவ்வளவுதான்.

“குழாய் எங்க சாமி?”

“கட்டுறதில்லை.”

“இந்த வருஷமா?”

“நீங்க மடத்துக்கு வந்ததிலேர்ந்தே கட்டுறதில்லை.”

குழந்தைவேலு கையிலிருந்த பஞ்சைப் பார்த்தபடி நின்றார்.

“யாரு வேண்டாம்னது?”

“உக்காருங்க,” என்றார் அடிகள். படித்துறை ஓரத்தில் பம்பு செட் கொட்டகையின் சுவர் இருந்தது. இருவரும் அந்த நிழலில் உட்கார்ந்தார்கள். அங்கிருந்து படிகள் முழுவதும் தெரிந்தன.

மேல்படிகளில் குடும்பம் குடும்பமாக மஞ்சளில் பிள்ளையார் பிடித்து வைத்திருந்தார்கள். கீழே புதுப்பெண்கள் வரிசையாக நின்றார்கள். வரிசையின் முனையில், கடைசிப் படியில், இடுப்பளவு தண்ணீரில் நடுவயதுப் பெண் ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் சுற்றிய கயிறு படியிலிருந்த இரும்பு வளையத்தில் கட்டியிருந்தது. இறங்குகிறவர்களின் கையை ஒவ்வொருத்தியாகப் பிடித்து இறக்கினாள். மாலையை விட்டதும் முதுகில் கை வைத்து ஏற்றிவிட்டாள்.

“காலை ஊனி வை. பாசி இருக்கு. என் தோளைப் பிடிச்சுக்க... அவசரப்படாத.”

குரல் கரகரத்திருந்தது. அந்தக் குரல் யாருடையது என்று குழந்தைவேலுவுக்குத் தெரிய முகத்தைப் பார்க்கவேண்டியிருக்கவில்லை.

“வடிவு,” என்றார்.

“ஆமா.”

“அங்க எதுக்கு நிக்கிறா?”

“வருஷா வருஷம் நிக்கிறாங்க. விடியறதுக்கு முன்னாடி வருவாங்க. இருட்டினப்புறம்தான் ஏறுவாங்க. அந்த முதல் வருஷம் பஞ்சாயத்துல போய் நின்னாங்க. குழாய் கட்டாதீங்க, யாராவது கத்தினா கேக்கணும்னாங்க. யாரும் மறுத்துப் பேசலை.”

“சாமிக்குத் தெரிஞ்சிருக்கு. எங்கிட்டச் சொல்லலையே.”

“நீங்க அவங்களைப் பத்தி ஒரு நாளும் கேக்கலை.”

குழந்தைவேலு கையிலிருந்த பஞ்சைக் கீழே போட்டார்.

வெயில் ஏறியது. அப்போது மேல்படியில் ஒரு தம்பதி வந்து நின்றார்கள். புதுச்சேலை. தாம்பாளத்தில் காய்ந்த கல்யாண மாலை. பெண்ணின் பிறந்த வீடு அந்த ஊர்தான் போலிருக்கிறது. கூட வந்த கிழவி ஒருத்தி எல்லோரிடமும் பேத்தி, பேத்தி என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை மட்டும் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

குழந்தைவேலு சட்டென்று எழுந்தார்.

“சிவநேசன்.”

அடிகள் அவரைப் பிடித்து நிறுத்தவில்லை. குழந்தைவேலு படிகளில் இறங்கினார். கூட்டம் தானாக விலகியது. என்ன செய்யப்போகிறோம் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

அதற்குள் சிவநேசன் வடிவைப் பார்த்துவிட்டான். முகம் வெளுத்துவிட்டது.

“வா, வேற துறைக்குப் போயிரலாம்,” என்று பெண்ணின் கையைப் பிடித்து இழுத்தான்.

“இங்க வாம்மா,” என்று கீழேயிருந்து குரல் வந்தது.

துறையே அமைதியாகிவிட்டது. பிள்ளைகள்கூடச் சப்பரத்தட்டியை நிறுத்திவிட்டார்கள்.

“உன்னைத்தான். மாலையை எடுத்துக்கிட்டு இறங்கி வா.”

அந்தப் பெண்ணுக்கு விஷயம் தெரிந்திருந்தது. புருஷனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். அவள் மாலையை எடுத்துக்கொண்டு மெதுவாக இறங்கினாள். வடிவின் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். அதனால் படியைப் பார்க்கவில்லை.

கடைசிப் படியில் கால் வழுக்கியது.

“அம்மா!”

துறை முழுவதற்கும் கேட்டது.

மாலை ஒரு பக்கம் போயிற்று. பெண் தலையோடு தண்ணீருக்குள் போனாள். வடிவு பாய்ந்தாள். இடுப்புக் கயிறு விறைத்து நின்றது. ஒரு கை பெண்ணின் தலைமுடியில், மறு கை அவளுடைய தோளில். இழுத்துத் தன் மார்போடு சேர்த்துக்கொண்டாள். மேலே நின்ற பெண்கள் கயிற்றைப் பற்றி இருவரையும் படிக்கு இழுத்தார்கள்.

அந்தப் பெண் இருமினாள். வடிவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்று அழுதாள். வடிவு அவள் முகத்தைத் துடைத்தாள். தாலி பத்திரமாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள். பிறகு அவள் கைகளைக் கழுத்திலிருந்து பிரித்தாள்.

“போ. மேல போ. திரும்பிப் பாக்காத.”

பெண் ஏறிப்போனாள். சிவநேசன் துண்டால் அவளைப் போர்த்தினான். கிழவி கையெடுத்துக் கும்பிட்டாள். யாரோ குலவையிட்டார்கள்.

வடிவு ஆற்றின் பக்கம் திரும்பிக்கொண்டாள். தன் இரண்டு கைகளையும் தூக்கிப் பார்த்தாள். மேலே இருந்தவர்களுக்கு அவள் முகம் கழுவுவதுபோலத் தெரிந்திருக்கும். பின்னால் வந்து நின்ற குழந்தைவேலுவுக்குத்தான் அவள் சொன்னது கேட்டது.

“அன்னிக்கு எங்க போனீங்க? பாவிக் கைகளா, அன்னிக்கு எங்க போனீங்க?”

அவர் வேட்டியோடு தண்ணீரில் இறங்கினார்.

“வடிவு.”

அவள் திரும்பினாள். ஆச்சரியப்படவில்லை. கோபமும் தெரியவில்லை. கண்ணைச் சுற்றிக் கறுத்திருந்தது. நீரில் ஊறிய விரல்கள் வெளிறிச் சுருங்கியிருந்தன.

“நீ மேல போ. நான் நிக்கிறேன்,” என்றார்.

“நீங்களா?”

“உனக்கு ரொம்பப் பெரிய மனசு, வடிவு. அந்தப் பொண்ணைப் போய்...”

“மனசா?” கரகரத்த குரல் இன்னும் தேய்ந்து வந்தது. “ஒவ்வொருத்தி ஏறும்போதும் எனக்கு வயிறு பத்தி எரியுது. இவ ஏறிட்டா, எம்பொண்ணு ஏறலையேன்னு எரியுது. இப்ப அவ முடியைப் பிடிச்சேனே, ஒரு நிமிஷம், விட்டுரலாமான்னு இருந்துச்சு. புண்ணியத்துக்கு நிக்கலை நான்.”

“பின்ன எதுக்கு நிக்கிறே?”

“வீட்டுல இருக்க முடியலை.”

“வா. ரெண்டு பேரும் வீட்டுக்குப் போவோம்.”

“எந்த வீட்டுக்கு?” என்றாள் வடிவு. “அவ சாப்பிட்ட தட்டை நான் மட்டும் கழுவி வச்சேனே, அந்த வீட்டுக்கா? ராத்திரியானா வாசக்கதவைத் திறந்து வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேனே, அந்த வீட்டுக்கா?” மூச்சு வாங்கியது. “அவ வழுக்கிப் போனா. நீங்க நடந்து போனீங்க.”

ஆறு அவர்கள் இருவர் நடுவிலும் ஓடிக்கொண்டிருந்தது.

“தள்ளி நில்லுங்க,” என்றாள். “வழியை மறைக்கிறீங்க.”

அவருக்குப் பின்னால் ஒரு பெண் மாலையோடு காத்துக்கொண்டிருந்தாள்.

குழந்தைவேலு நகர்ந்து வழிவிட்டார். ஒவ்வொரு படியாக ஏறினார். வேட்டியிலிருந்து தண்ணீர் சொட்டியது. அடிகள் அதே சுவரோரத்தில் உட்கார்ந்திருந்தார். யாரோ இலையில் வைத்துக் கொடுத்த காப்பரிசி அவருக்குப் பக்கத்தில் அப்படியே இருந்தது. அடிகள் அதைத் தொடவில்லை.

குழந்தைவேலு அவர் முன்னால் உட்கார்ந்தார்.

“அவளுக்கு நிம்மதி இல்லை சாமி.”

“இல்லை.”

“இத்தனை பிள்ளைங்களைக் கரையேத்தியும் இல்லை.”

“இல்லை.”

“இனிமேலாவது வருமா?”

“வரும்னு எனக்குத் தோணலை.”

குழந்தைவேலு முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அப்ப எனக்குக் காவியாவது கொடுங்க. எல்லாத்தையும் துறந்துட்டுக் கிடக்கிறேன்.”

“துறக்கறதுக்கு உங்ககிட்ட என்ன இருக்கு?” என்றார் அடிகள். குரலில் கடுமை இல்லை. “எல்லாத்தையும் அந்தம்மா தலையில இறக்கி வச்சுட்டுத்தானே வந்தீங்க.”

குழந்தைவேலு குனிந்து இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். அவர் அழுததை மடத்தில் யாரும் அதுவரை பார்த்ததில்லை. சத்தமாக அழுதார். மேல்படியில் இலை போட்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, சாப்பாட்டைத் தொடாமல் இருந்தார்கள்.

அழுகை ஓய்ந்ததும் கேட்டார்:

“வீட்டுலயும் இடமில்லை. மடத்துலயும் இல்லை. நான் எங்க சாமி போறது?”

அடிகள் துறையைப் பார்த்தார். மதிய பஸ்ஸில் வந்தவர்கள் கூட்டமாக இறங்கிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் வெளியூர்ப் பெண்கள். அவர்களுக்கு இந்தத் துறை புதிது. கீழே வடிவு வாயைத் திறந்து என்னவோ சொன்னாள். வெறும் காற்றுதான் வந்தது. கையை ஆட்டி ஆட்டிக் காட்டினாள். முன்னால் வந்தவள் அதைப் பார்த்து, கூப்பிடுகிறாள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே வேகமாக இறங்கினாள்.

“அவங்களுக்குத் தொண்டை போயிருச்சு,” என்றார் அடிகள். “பொண்ணுங்க இன்னும் வந்துக்கிட்டே இருக்காங்க. பாசி இருக்குன்னு சத்தம் போட்டுச் சொல்ல ஆள் இல்லை.”