அக்காவின் மூட்டுவலியும் நான்கு தம்பிகளும்

பூங்குளஞ்சேரியில் ஒரு வீட்டில் ஐந்து பேருக்குச் சேர்த்து ஒரே ஒரு மூளை இருந்தது. அதை உபயோகிக்கிற பொறுப்பு தையல்நாயகி அக்காவுடையது. மீதி நாலு பேரும் அவளுடைய தம்பிகள். மூத்தவன் வைத்தி, அடுத்தவன் கோதண்டம், அதற்கடுத்தவன் உலகநாதன், கடைசி குஞ்சிதபாதம். அவனை எல்லோரும் குஞ்சு என்பார்கள். நாலு பேருக்கும் ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. சொன்னதை அப்படியே செய்வார்கள். ஊர் பயந்ததே அதற்குத்தான்.

அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மெஸ் நடத்துகிறாள். தம்பிகளை வளர்த்து முடித்த பிறகு கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று இருந்தாள். இன்னும் வளர்த்து முடியவில்லை. தம்பிகளுக்கும் கல்யாணம் ஆகவில்லை. பெண்ணைப் பெற்றவர்களுக்கெல்லாம் மூளை இருந்ததுதான் காரணம்.

பத்தொன்பது வருஷமாக அக்காவுக்கு முடக்குவாதம். முதலில் விரல்களில் வந்தது, அப்புறம் முழங்காலுக்கு இறங்கியது. காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்கு விரல் மடங்காது. தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும். மாத்திரையை அவள் ஒரு வேளைகூடத் தவறவிட்டதில்லை. வலியும் ஒரு வேளைகூடத் தவறவிட்டதில்லை.

ஊர்க்காரர்கள் தாராள மனசுக்காரர்கள். சாப்பிட வந்தவர்களெல்லாம் இலை எடுப்பதற்குள் ஒரு வைத்தியம் சொல்லிவிட்டுப் போவார்கள். முடக்கத்தான் கீரை என்பார் ஒருவர். தவிட்டு ஒத்தடம் என்பார் இன்னொருவர். பக்கத்து டீக்கடை சிங்காரம், "எல்லாம் மனசுதான் தையலு. வலிக்கலைன்னு நினை, வலிக்காது" என்பார். அதே சிங்காரத்துக்கு ஒரு தடவை கடைவாய்ப் பல் வலித்தது. அவர் போட்ட சத்தத்தில் மாயவரம் பஸ் ஐந்து நிமிஷம் முன்னதாகவே கிளம்பிவிட்டது.

கடைசியில் டவுனுக்குப் புதிதாக வந்த மூட்டு டாக்டர் ரெஹானாவிடம் அக்காவை அழைத்துப் போனார்கள். அக்கா ரத்தம் கொடுக்க உள்ளே போயிருந்த நேரத்தில் டாக்டரம்மா ஒரு காரியம் செய்தார். படித்தவர், நல்லவர், ஊருக்குப் புதுசு. விவரத்தைத் தம்பிகளிடம் சொன்னார்.

"இது வாதம். வளர விடக்கூடாது. இந்த மாத்திரை காலை ஒண்ணு, மாலை ஒண்ணு. தினமும் அரை மணி நேரம் நடக்கணும். கவனமாப் பார்த்துக்குங்க."

நாலு பேரும் நாலு தடவை தலையை ஆட்டினார்கள். டாக்டரம்மாவுக்குத் திருப்தி.

பஸ்ஸில் அக்கா முன் சீட்டில் உட்கார்ந்து தூங்கிவிட்டாள். பின் சீட்டில் ஆலோசனை நடந்தது.

"வாதத்தாலதான் வந்ததாம்," என்றான் வைத்தி. "நம்ம வீட்டுல வாதம் பண்றது யாரு?"

"அக்காதான். காய்க்காரன்கிட்ட தினமும் பண்ணுது."

"அவன் பதிலுக்குப் பேசுறதாலதானே வாதம் வளருது? யாரும் பதில் பேசலைன்னா?"

கோதண்டம் ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தான். "நின்னுடும்," என்றான்.

மறுநாளிலிருந்து மெஸ்ஸில் யாரும் யாருக்கும் மறுப்புச் சொல்வதில்லை என்று ஆயிற்று. சாம்பாரில் உப்பு இல்லை என்றார் ஒரு வாத்தியார். "ஆமா சார்" என்று கோதண்டம் ஒரு கை உப்பைப் போட்டான். உப்புக் கரிக்கிறது என்றார் பக்கத்து இலைக்காரர். "ஆமா சார்" என்று ஒரு குடம் தண்ணீரை ஊற்றினான். இது என்ன சாம்பாரா ரசமா என்றார் மூன்றாமவர். "ஆமா சார்" என்றான். அக்கா சமையற்கட்டிலிருந்து, "ஏண்டா, உங்களுக்கெல்லாம் என்னடா ஆச்சு? பைத்தியமா?" என்று கத்தினாள்.

"ஆமாக்கா," என்றார்கள் நாலு பேரும் அன்போடு.

மாத்திரை விஷயம் இன்னும் சிரத்தையாக நடந்தது. அட்டையைப் பிரிக்க அக்காவின் விரல் ஒத்துழைக்காது. அதனால் பிரித்துத் தருவது தம்பிகள் வேலை. விடிந்ததும் அக்கா கண்ணைத் திறந்தால் வலது கணுக்காலில் மஞ்சள் துணி. அதில் ஒரு மாத்திரை முடிந்திருந்தது.

"என்னடா இது?"

"காலை ஒண்ணுக்கா. டாக்டரம்மா சொன்னது. வலது காலா இடது காலான்னு சொல்லலை. சுபகாரியமாச்சேன்னு வலதுல கட்டினோம்."

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். கதவோரம் குஞ்சு ஒரு செவ்வந்தி மாலையோடு பவ்யமாக நின்றுகொண்டிருந்தான். நடுவில் குஞ்சம் இருக்க வேண்டிய இடத்தில் இன்னொரு மாத்திரை.

"மாலை ஒண்ணுக்கா," என்றான்.

அக்கா கணுக்கால் துணியை அவிழ்க்கச் சொன்னாள். பிறகு, "மாலையோட நிறுத்திட்டீங்களே. மேளக்காரனுக்கும் சொல்லிடுறதுதானே?" என்றாள்.

எட்டு மணிக்கு மேளக்காரர்கள் வந்துவிட்டார்கள். சும்மா அனுப்ப முடியாமல் அக்கா பொங்கல் போட்டு அனுப்பினாள். சாப்பிட்ட விசுவாசத்துக்கு அவர்கள் ஒரு பாட்டு வாசித்துவிட்டே போனார்கள்.

அரை மணி நேரம் நடக்கணும் என்பதில்தான் தம்பிகள் ரொம்பத் திணறினார்கள். என்ன நடக்கணும் என்று டாக்டரம்மா சொல்லவில்லையே. ஏதாவது நடந்தால் சரி என்று முடிவாயிற்று. முதல் நாள் சாயங்காலம் உலகநாதன் மெஸ் கூரையில் ஏறி, இறங்கத் தெரியாமல், சரியாக அரை மணி நேரம் கத்தினான். இரண்டாம் நாள் கோதண்டம் தலையை இட்லிக் கொப்பரைக்குள் விட்டு, எடுக்க முடியாமல் உட்கார்ந்திருந்தான். மூன்றாம் நாள் ஆறு மணி வரைக்கும் ஒன்றுமே நடக்கவில்லை. பதறிப்போன குஞ்சு, சிங்காரத்தின் மாட்டை அவிழ்த்து பஸ் ஸ்டாண்டுக்குள் விட்டான். அது நாற்பது நிமிஷம் நடந்தது.

"பத்து நிமிஷம் கூடிப்போச்சே. அக்கா உடம்பு தாங்குமா?" என்று வைத்தி கவலைப்பட்டான்.

விஷயம் வெளியே வந்ததும் அக்கா மாத்திரைப் பையைத் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள். அட்டையைப் பல்லால் கடித்துப் பிரித்தாள். தானே நடந்தாள். மருந்தை மருந்தாகச் சாப்பிட்டதில் இரண்டு மாதத்தில் விரல் வீக்கம் வடிந்தது. டம்ளரைப் பிடிக்க முடிந்தது. ஆனால் முழங்கால் வலி மட்டும், வாடகை கொடுத்துக் குடியிருப்பதுபோல உரிமையோடு இருந்தது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் அக்கா அரிசி களையக் குனிந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எழுந்திருக்க முடியவில்லை. வெளியே பதினாறு பேர் இலைக்கு முன்னால் காத்திருந்தார்கள். தம்பிகள் ஓடி வந்து கையைக் கொடுத்தார்கள். அவள் பிடித்துக்கொள்ளவில்லை.

"விடுங்கடா. கொஞ்ச நேரம் இப்படியே இருக்கேன்," என்று சொல்லிவிட்டு, அரிசிக் குண்டானைப் பார்த்தபடி அழுதாள். சத்தமில்லாமல்தான். அவள் அழுது தம்பிகள் பார்த்ததில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் நாலு பேரும் அவளைச் சுற்றித் தரையிலேயே உட்கார்ந்துகொண்டார்கள். அவர்கள் வாழ்நாளில் யாரும் சொல்லாமல் செய்த காரியம் அது ஒன்றுதான். பதினாறு பேரும் பசியோடு எழுந்து போனார்கள்.

"மெஸ்ஸை மூடிடலாம்டா," என்றாள் அக்கா.

அன்றைக்கே டாக்டரம்மாவிடம் போனார்கள்.

"நான் ஒரு வேளை மாத்திரை விட்டதில்லை டாக்டர். வலியும் என்னை விட்டதில்லை. எங்க ரெண்டு பேர்ல யாருக்கு ஒழுங்கு அதிகம்னு தெரியலை," என்றாள் அக்கா.

டாக்டரம்மா முழங்கால் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத டாக்டர். "மருந்து கேட்குதும்மா. ரத்தத்துல நல்லாத் தெரியுது. ஆனா தேய்ஞ்ச மூட்டு தேய்ஞ்சதுதான், அது திரும்ப வளராது. மழை நாள்ல கூடும், வெயில்ல குறையும். உயரமான ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சமைங்க. குனியுற வேலையை மத்தவங்ககிட்ட விடுங்க. இனிமே வலியோட சேர்ந்து வாழப் பழகிக்கணும்."

அக்கா பெருமூச்சு விட்டாள். "பத்தொன்பது வருஷமா யாரோட வாழ்ந்தேன்னு நினைச்சீங்க?"

இந்த முறை தம்பிகள் ஸ்டூலை ஸ்டூலாகவே புரிந்துகொண்டு மறுநாளே ஒன்று வாங்கி வந்தார்கள். உட்கார்ந்து சமைப்பது அக்காவுக்குக் கொஞ்சம் இதமாக இருந்தது. மெஸ்ஸை மூடுகிற பேச்சை அவள் அப்புறம் எடுக்கவில்லை. கதை இங்கேயே முடிந்திருந்தால் ஊருக்கு நல்லது. ஆனால் டாக்டரம்மாவின் கடைசி வாக்கியம் தம்பிகள் மனசில் உட்கார்ந்துவிட்டது.

"வலி இனிமே நம்மளோடதான் வாழப்போவுதாம்," என்றான் வைத்தி.

"அப்ப வீட்டு மனுஷர் மாதிரி. இத்தனை வருஷம் ஒரு வாய்த் தண்ணி கொடுத்திருக்கமா?" என்று உலகநாதன் கண் கலங்கினான்.

"அதான் கோவத்துல படுத்துது," என்றான் கோதண்டம்.

மத்தியானம் அக்கா சாப்பிட வந்தபோது அவளுடைய இலைக்குப் பக்கத்தில் இன்னொரு இலை. சாதம், கத்தரிக்காய்க் கூட்டு, ஓரத்தில் அப்பளம்.

"இது யாருக்குடா?"

"வலிக்கு."

அக்கா அந்த இலையைப் பார்த்தாள். தம்பிகளைப் பார்த்தாள். "ரொம்ப சந்தோஷம். அப்படியே ரேஷன் கார்டுலயும் பேரைச் சேர்த்துட்டு வந்துடுங்க. அது ஒண்ணுதான் பாக்கி."

தம்பிகள் சாப்பிட்டுக் கை கழுவியதும் கிளம்பிவிட்டார்கள்.

ரேஷன் கார்டு ஆபீஸில் தணிகாசலம் என்று ஒரு கிளார்க். அலமாரியிலிருந்து ஒரு ஃபைலை எடுத்துக்கொண்டு, மேஜையைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"என்ன?"

"கார்டுல ஒரு பேர் சேர்க்கணும் சார்," என்றான் வைத்தி.

"குழந்தையா?"

"பத்தொன்பது வயசாவுது சார்."

"பத்தொன்பது வருஷமா ஏன்யா சேர்க்கலை?"

"போயிடும்னு நினைச்சோம் சார்."

தணிகாசலம் ஒரு நொடி பேனாவை நிறுத்தினார். பாவம், நோஞ்சான் குழந்தையாகப் பிறந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார். குரலைத் தணித்து, "பேரு?" என்றார்.

"வலி."

"வள்ளி," என்று எழுதினார். "பொண்ணு எங்க? வரலையா?"

"அக்காவை விட்டு ஒரு நிமிஷம் பிரியாது சார். அதுவும் காலையில எழுந்ததும் பாருங்க, அக்காவைக் கட்டிலை விட்டு எழுந்திருக்க விடாது."

"பாசக்காரப் பொண்ணு," என்றார் தணிகாசலம். "போட்டோ இருக்கா?"

குஞ்சு பையிலிருந்து எக்ஸ்ரேயை எடுத்துக் கொடுத்தான். தணிகாசலம் அதை மேலும் கீழும் திருப்பிப் பார்த்தார்.

"முகம் அவ்வளவாத் தெரியாது சார். ஆனா உள்ளதான் இருக்கு," என்றான் குஞ்சு.

தணிகாசலம் எழுந்து ஜன்னல் வெளிச்சத்தில் அதைப் பிடித்தார். அதில் ஒரு முழங்கால் தெரிந்தது. அந்த ஆபீஸில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவர். யார் வந்தாலும் கத்துவார். அன்றைக்குக் கத்தவில்லை. நொண்டி நொண்டி வந்து உட்கார்ந்து, வலது முழங்காலைத் தடவிக்கொண்டார்.

"மூட்டுவலியைத்தான் சொல்றீங்களாய்யா?"

"ஆமா சார்."

"என் வீட்டுலயும் ஒண்ணு இருக்குய்யா. இருபத்திரண்டு வருஷமாச்சு. பார்க்காத டாக்டர் இல்லை, தின்னாத மாத்திரை இல்லை. போவேனாங்குது. பெண்டாட்டிகிட்டச் சொன்னா, உங்களுக்கு வேற வேலை இல்லைங்கிறா." சொல்லி முடித்து அவர் பெருமூச்சு விட்டார். கேட்க ஆள் கிடைத்ததில் அவருக்கு ஒரு நிம்மதி.

தம்பிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வைத்தி மெதுவாகக் கேட்டான், "சார், உங்களது ஆணா பொண்ணா?"

"அது கிடக்கு முரட்டுப் பயல்," என்றார் தணிகாசலம், முழங்காலை ஒரு தட்டுத் தட்டி.

நாலு பேரும் வீட்டுக்கு ஓடி வந்தபோது அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா! வர்ற வெள்ளிக்கிழமை பொண்ணு பார்க்க வரச் சொல்லியிருக்கோம்!"

"யாரைடா?"

"நம்ம வலியைத்தான்! மாப்பிள்ளைக்கு இருபத்திரண்டு, நம்மதுக்குப் பத்தொன்பது. சர்க்காரே ஒத்துக்குற வயசு. மாப்பிள்ளை வீட்டுக்காரர் சர்க்கார் உத்தியோகம்."

"கட்டிக் கொடுத்துட்டா புகுந்த வீட்டுக்குப் போயிடுமில்லையா? அப்புறம் ஆடிக்கும் தீபாவளிக்கும்தானே வரும்?" என்றான் கோதண்டம்.

அக்கா வெங்காயத்தைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். ஸ்டூல் ஆடும் அளவுக்குச் சிரித்தாள். முழங்கால் வலித்தது, இருந்தும் சிரித்தாள். பக்கத்துக் கடையிலிருந்து சிங்காரம் எட்டிப் பார்த்து, "பார்த்தியா, எல்லாம் மனசுதான்னு அப்பவே சொன்னேன்" என்றார்.

குஞ்சு மட்டும் சிரிக்கவில்லை. நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றவன், "அண்ணே, அந்த மாப்பிள்ளை வீட்டோட மாப்பிள்ளையா இங்கயே வந்து தங்கிட்டா?" என்றான்.

மூன்று அண்ணன்களுக்கும் முகம் வெளிறியது. சம்பந்தம் வேண்டாம் என்று சொல்ல நாலு பேரும் செருப்புகூடப் போடாமல் ஆபீஸைப் பார்த்து ஓடினார்கள். உலகநாதன் மட்டும் பாதித் தெருவிலிருந்து திரும்பி வந்தான். அக்காவின் முன்னால் மண்டியிட்டு, அவளுடைய முழங்காலைப் பார்த்துச் சொன்னான்:

"நீ மனசு விட்டுடாதம்மா. வேற நல்ல இடமாப் பார்க்கலாம்."