மாவு படாத இடம்

"ஒரு பொல்லாத வார்த்தை நான் சொன்னதில்ல சிஸ்டர். இருந்தும் என் மக எங்கிட்ட பேச மாட்டேங்கிறா."

மலைமேல் இருந்த அந்த ஜெப வீட்டுக்கு மகளோடு வந்ததும் அமலோற்பவம் சொன்ன முதல் பேச்சு இதுதான்.

பவுலின் சிஸ்டர் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். அமலோற்பவத்தைவிடப் பதினெட்டு வயது இளையவர். ஜெபத்துக்கும் அடுக்களைக்கும் அங்கே அவர்தான் பொறுப்பு.

"சண்டையா?"

"சண்டை போட்டாக்கூடப் பரவாயில்லயே."

அவள் சொல்லச் சொல்ல சிஸ்டர் கேட்டுக்கொண்டிருந்தார்.

மகள் பெனிட்டாவுக்கு ஏழாம் மாதத்திலேயே வலி கண்டுவிட்டது. ஆண் குழந்தை. பிறக்கும்போதே உயிர் இல்லை. அது நடந்து நாலு மாதம். அன்றிலிருந்து அமலோற்பவம் மகளைத் தனியே விடவில்லை. அவள் கண் கலங்கினால் அழாதே என்பாள். வாய் திறந்தால், அதையெல்லாம் நினைக்காதே, ஆண்டவர் இன்னொன்று தருவார் என்பாள். பிள்ளைக்கென்று வாங்கின துணிகளை ஒரே நாளில் மூட்டை கட்டிப் பரண்மேல் போட்டாள். பார்க்க வந்தவர்களிடம், பெனிட்டா நன்றாக இருக்கிறாள் என்று அவளே முந்திக்கொண்டு சொல்லி அனுப்பினாள்.

"கடைசியா ஒரு வாட்டி பேசினா சிஸ்டர். 'எல்லாத்தையும் பூசி மெழுகாதம்மா'ன்னா. அதோட சரி. இப்ப சோறு வேணும், வேணாம். அவ்வளவுதான் பேச்சு. நான் என்னத்தப் பூசினேன், என்னத்த மெழுகினேன்?"

சிஸ்டர் அடுத்த பீன்ஸை எடுத்தார்.

"ஞாயித்துக்கிழமை கீழ இறங்குறோம். திங்கக்கிழமை அவ வீட்டுக்காரர்கிட்ட மஸ்கட் போயிருவா. இப்படியே போயிட்டா அப்புறம் எங்கிட்ட என்னைக்குப் பேசுவா? ஏதாவது ஒரு ஜெபம் சொல்லிக் குடுங்க. ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருக்கச் சொன்னாலும் இருக்கேன்."

சிஸ்டர் நறுக்கின பீன்ஸை ஒதுக்கி வைத்தார்.

"மாவு பிசைவீங்களா?"

"நாப்பது வருஷமா அதத்தான செய்யறேன்."

"அப்ப மத்தியானம் அடுக்களைக்கு வாங்க."

*

ஜெப வீட்டுக்குப் பின்னால் நாலு மல்பெரி மரங்கள் உண்டு. காய்க்கிற காலத்தில் பழத்தைப் பறித்து, பை பையாகக் கட்டி ஃப்ரீசரில் போட்டு வைப்பார்கள். சிஸ்டர் ஒரு பையைப் பிரித்து அகலத் தட்டில் கொட்டினார். பழங்கள் கூழாங்கல் மாதிரி கடகடவென்று விழுந்தன.

ஐஸ் விடும்வரை வெளியே வைக்க வேண்டாமா என்று அமலோற்பவம் கேட்டாள். வேண்டாம், ஓவனுக்குள் போய்த் தானே இளகிக்கொள்ளும் என்றார் சிஸ்டர். பழத்தின்மேல் சர்க்கரை தூவினார். கொஞ்சம் சோள மாவு. அரை மூடி எலுமிச்சம்பழம் பிழிந்தார்.

"இதுக்குப் பேரு என்ன சிஸ்டர்?"

"கோப்ளர். பழத்து மேல மாவு போட்டுச் சுடற பலகாரம். இந்த வீட்டைக் கட்டின வெள்ளைக்கார மதர் சொல்லிக் குடுத்துட்டுப் போனது."

"கோப்ளர்னா செருப்பு தைக்கிறவர்னு எம்மவன் சொல்வானே."

"பயப்படாதீங்கம்மா. இதுல தோல் சேக்கறதில்ல."

மைதா, பேக்கிங் பவுடர், சர்க்கரை, வெண்ணெய், பால். இட்லி மாவைவிடக் கெட்டி, சப்பாத்தி மாவைவிட இளக்கம். அமலோற்பவத்தின் கையில் அது சீக்கிரமே பதத்துக்கு வந்துவிட்டது.

"கரண்டியால அள்ளிப் பழத்து மேல அங்கங்க போடுங்க. அவ்வளவுதான்."

கோயில் மணி அடித்தது. சிஸ்டர் ஜெபத்துக்குப் போய்விட்டார்.

அவள் சொன்னபடியே போட்டாள். ஒன்பது உருண்டை வந்தது. தள்ளி நின்று பார்த்தாள். உருண்டைகளுக்கு நடுவே பழம் கறுப்பும் சிவப்புமாகத் தெரிந்தது. பாதியில் விட்டுப்போன வேலை மாதிரி இருந்தது.

தோசையில் ஒரு பொத்தல் விழுந்தாலும் மாவு விட்டு அடைக்கிற கை அது. சும்மா இருக்குமா?

ஒரு கிண்ணத்தில் தண்ணீர் எடுத்துக்கொண்டாள். கையை நனைத்து மாவை இழுத்தாள், சேர்த்தாள், தடவினாள். ஒரு பழம்கூட வெளியே தெரியாதபடி மூடினாள். ஓரத்தையெல்லாம் தட்டோடு சேர்த்து அழுத்தினாள். கடைசியில் விரலால் நடுவே ஒரு சிலுவை போட்டு, மகள் பேச வேண்டும் என்று ஒரு 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொன்னாள்.

சிஸ்டர் திரும்பி வந்து தட்டைப் பார்த்தார். தண்ணீர்க் கிண்ணத்தைப் பார்த்தார். தட்டை ஓவனுக்குள் வைத்தார்.

அரை மணி நேரத்துக்கெல்லாம் கருகல் வாடை வந்தது.

சாறு ஒரு ஓரத்தைப் பிய்த்துக்கொண்டு ஓவன் அடியில் கொட்டிப் புகைந்துகொண்டிருந்தது. தட்டை வெளியே எடுத்தார்கள். மேலே பொன்னிறம். சிலுவைகூட அழியவில்லை. சிஸ்டர் கத்தியால் வெட்டித் தூக்கிக் காட்டினார். அடியில் மாவு வேகவே இல்லை. பசை மாதிரி இழுத்தது.

"மேல நல்லாத்தான இருக்கு," என்றாள் அமலோற்பவம்.

"மேல நல்லாத்தான் இருக்கு," என்றார் சிஸ்டர்.

இருவரும் முட்டி போட்டு ஓவனைச் சுரண்டித் துடைத்தார்கள்.

"எங்க தப்பு சிஸ்டர்? மாவுலயா?"

"மாவு நல்ல மாவு."

"பழத்துலயா?"

"சூடு பட்டா பழம் கொதிக்கத்தான் செய்யும்."

இன்னும் ஏதாவது சொல்வார் என்று அவள் காத்திருந்தாள். சிஸ்டர் துணியைப் பிழிந்து கொடியில் போட்டார்.

*

மறுநாள் சனிக்கிழமை. அதே தட்டு, இன்னொரு பை. இந்தத் தடவை சிஸ்டர் பக்கத்திலேயே நின்றார்.

ஒன்பது உருண்டை விழுந்தது. அமலோற்பவத்தின் கை தன்னால் தண்ணீர்க் கிண்ணத்துக்குப் போனது.

சிஸ்டர் கிண்ணத்தை எடுத்து, ஜன்னலோரத்துச் செடித்தொட்டியில் ஊற்றினார்.

"அப்ப நான் என்ன செய்யணும்?"

"கையக் கட்டிக்கிட்டு உக்காரணும்."

"அவ்வளவுதானா?"

"உங்களுக்கு அது புதுசும்மா."

அவள் ஓவனுக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்தாள். கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. பிறகு மாவு படாத ஒரு இடத்தில் ஒரு குமிழ் வந்தது. பக்கத்தில் இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் எல்லாச் சந்துகளிலும் சாறு கருஞ்சிவப்பாக நுரைத்து ஏறியது, இறங்கியது. மறுபடி ஏறியது. அதைச் சுற்றி மாவு உப்பிச் சிவந்தது. ஒரு சொட்டுகூட அடியில் கொட்டவில்லை.

தட்டை மேசைமேல் எடுத்து வைத்த நேரத்தில், வெந்நீர் கேட்டு பெனிட்டா ஃபிளாஸ்க்கோடு வந்தாள். சிஸ்டர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். ஃபிளாஸ்க்கை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அமலோற்பவம் ஒரு சின்னத் தட்டில் அள்ளி வைத்தாள். பெனிட்டா ஒரு வாய் சாப்பிட்டாள். விரலில் பட்ட ஊதாக் கறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவனுக்கு முடி இருந்துச்சும்மா," என்றாள்.

அமலோற்பவத்தின் வாய் திறந்தது. அதையெல்லாம் நினைக்காதே என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதற்குப் பின்னால், ஆண்டவர் இன்னொன்று தருவார். அதற்கும் பின்னால், சாப்பிடு, ஆறிப்போகும்.

கண் மேசைமேல் இருந்த பெரிய தட்டுக்குப் போனது. உருண்டைகளுக்கு நடுவே சாறு இன்னும் மெல்லக் கொதித்துக்கொண்டிருந்தது.

வாயை மூடிக்கொண்டாள்.

"நீ அவனத் துணியில சுத்தி உடனே எடுத்துட்டுப் போயிட்ட. நான் முடிய மட்டுந்தான் பாத்தேன்."

வெளியே பைப்பில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. நின்றது.

"நிறைய முடி," என்றாள் அமலோற்பவம். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "காது ரெண்டும் உன் காது."

பெனிட்டா கரண்டியைக் கீழே வைத்தாள். நாலு மாதத்து அழுகை வந்தது. அமலோற்பவம் தடுக்கவில்லை.

வெகுநேரம் கழித்து, முகத்தைத் துடைக்காமலே பெனிட்டா நிமிர்ந்தாள்.

"வேற?" என்று கேட்டாள்.

அமலோற்பவம் முக்காலியை மகள் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, குழந்தையின் விரல்களிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.