அண்ணாச்சி மேசையில் ஒரு வளைவு

திருநெல்வேலியில் பொன்னுலிங்க அண்ணாச்சி பழைய மெஷின் கடை வைத்திருந்தார். மரத்தை வளைவாக அறுக்கும் ஜிக்சா மெஷின்களுக்கெல்லாம் புதுப் பெயிண்ட் அடித்து வரிசையாக அடுக்கியிருந்தார்.

மரக்குதிரை செய்து பிழைக்கும் எஸ்தர், ஜிக்சா வாங்க வளையலை விற்றுவிட்டு வந்தாள்.

"கடையில எதை எடுத்தாலும் ஒரே விலை. ஆனா ஓட்டிப் பாக்கக் கூடாது, திருப்பித் தரக் கூடாது. கண்ணால பாத்தே நல்லதை எடுத்துக்கோ," என்றார் அண்ணாச்சி, தொந்தியைத் தடவிக்கொண்டே.

எஸ்தர் மெஷினைப் பார்க்கவில்லை. தொந்தியைப் பார்த்தாள்.

"இந்தத் தேக்கு மேசை உங்க வயித்தை அமுக்குதே அண்ணாச்சி. விளிம்பை வளைவா அறுத்துட்டா சொகமா உக்காரலாம். சும்மாவே செஞ்சு தாரேன்."

அண்ணாச்சிக்கு முகமெல்லாம் சிரிப்பு. அவள் வரிசையிலிருந்த ஒரு ஜிக்சாவை நோக்கிக் கை நீட்டினாள்.

"ஐயையோ, அது வேண்டாம் தாயி. எங்கப்பா வாங்கின மேசை, கோணலா அறுத்துத் தொலைச்சிரும்."

கடைக்கு வந்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணாச்சி அதைக் கவனிக்காமல், மேசைக்கு அடியிலிருந்து பெயிண்ட் உதிர்ந்த கிழட்டு ஜிக்சா ஒன்றை எடுத்துக் கொடுத்தார். தேக்கு வெண்ணெய் மாதிரி அறுபட்டது. தொந்தி வளைவுக்குள் போய் அம்சமாக உட்கார்ந்தது.

"எப்படி இருக்கு அண்ணாச்சி?"

"சொர்க்கமா இருக்கு தாயி."

"அப்ப இந்த மெஷினையே கட்டிக் குடுங்க," என்றாள் எஸ்தர். "கண்ணால பாத்தே எடுத்துட்டேன்."