தீராத வயிற்று வலி

"மேடம், ஒரு புது நோய் கண்டுபிடிச்சிருக்கேன்!"

பிரேதப் பரிசோதனை பழகும் இளம் டாக்டர் அன்னக்கொடிக்கு மூச்சு வாங்கியது. பிணவறைக்கு வெளியே கை கழுவிக்கொண்டிருந்த பேராசிரியர் சகாயமேரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"செத்தவங்களுக்கா, இருக்கிறவங்களுக்கா?"

"செத்தவங்களுக்குத்தான் மேடம். நாம வேற யாரைப் பார்க்கிறோம்?"

"சொல்லு."

அன்னக்கொடி கொட்டித் தீர்த்தாள். இந்த வருஷம் விஷம் குடித்து இங்கே வந்த இளம்பெண்களில் பாதிப் பேருக்கு ஒரே காரணம்தான். தீராத வயிற்று வலி. வலி தாங்காமல் குடித்துவிட்டாள் என்றுதான் ஒவ்வொரு வீட்டாரும் சொல்கிறார்கள். போலீசாரும் அதையே சொல்கிறார்கள். ஆனால் திறந்து பார்த்தால் புண் இல்லை, கல் இல்லை, குடல்வால்கூடச் சுத்தம்.

"அப்படின்னா இது யாருக்கும் தெரியாத நோய்தானே மேடம்? கட்டுரையா எழுதிரலாமா?"

அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். அச்சில் தன் பெயர் எப்படி இருக்கும் என்று காலையிலிருந்தே நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். தப்பாக இருந்தால் என்ன ஆகும் என்ற பயமும் கூடவே இருந்தது.

பேராசிரியர் கையைத் துடைத்தார்.

"வலி எந்தப் பக்கம்?"

"அது... யாரும் சொல்லலை."

"சாப்பிடறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"தெரியலை மேடம்."

"யாரைக் கேட்டா தெரியும்?"

"வலிச்சவங்களைத்தான் கேட்கணும். ஆனா அவங்க..."

பேராசிரியர் உள்ளே போய், மூலையில் கிடந்த இரும்பு ஸ்டூலைத் தூக்கி வந்து அவள் கையில் கொடுத்தார்.

"இது எதுக்கு மேடம்?"

"நாம நின்னுக்கிட்டே வேலை பார்த்துப் பழகிட்டோம். மேலே விஷ வார்டுல இசக்கியம்மாள்னு ஒரு பொண்ணு பிழைச்சிருக்கா. அவளுக்கும் வயித்து வலிதானாம். மத்தியானம் வீட்டுக்கு அனுப்புறாங்க. வார்டு டாக்டர்கிட்ட நான் சொல்லிக்கிறேன், போ."

உயிரோடு ஒரு நோயாளி! அன்னக்கொடி ஸ்டூலோடு படியேறி ஓடினாள்.

"பிணவறை டாக்டரம்மா இங்கே எதுக்கு வர்றாங்க?" என்று வராந்தாவில் யாரோ பதறினார்கள்.

இசக்கியம்மாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பக்கத்தில் மாமியார் ஆரஞ்சுப்பழம் உரித்துக்கொண்டிருந்தாள். மூட்டை கட்டித் தயாராக இருந்தது.

"எங்கேம்மா வலிக்குது?"

"அடிவயித்துலதான் டாக்டர். கல்யாணமான நாள்ல இருந்தே இந்தப் பாடுதான்" என்றாள் மாமியார்.

"எப்போ வரும்?"

"நேரங்காலமே கிடையாது. திடீர்னு வரும்."

"வலி உங்களுக்கா, அவங்களுக்கா?"

"அவளுக்குத்தான். அவளுக்குச் சொல்லத் தெரியாது, பாவம்."

அன்னக்கொடி மாமியார் பக்கம் திரும்பினாள்.

"இவங்களுக்குச் சூடா பால் கொடுக்கணும். வாங்கிட்டு வாங்க."

மாமியார் முணுமுணுத்துக்கொண்டே போனாள்.

அன்னக்கொடி ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். இசக்கியம்மாள் இந்தப் பக்கம் திரும்பினாள். உட்கார்ந்த பிறகுதான் அந்த முகம் டாக்டரின் முகத்துக்கு நேராக வந்தது. அன்னக்கொடி அவள் வயிற்றில் மெதுவாகக் கை வைத்தாள். கையில் சூடு பட்டதும் திடுக்கிட்டாள். சூடான உடம்பைத் தொட்டு எவ்வளவு காலமாயிற்று!

"இங்கேயா?"

தலை ஆடியது. இல்லை.

"கொஞ்சம் கீழேயா?"

இல்லை.

"பின்னே எங்கேதான் வலிக்குது? நீங்களே சொல்லுங்க."

இசக்கியம்மாள் வாசலைப் பார்த்தாள். பிறகு டாக்டரின் கையைப் பிடித்து மெல்ல இழுத்து, முதுகுப் பக்கம் விலாவின் மேல் வைத்தாள்.

விரலுக்கடியில் ஒரு மேடு. உடைந்த எலும்பு தானாகக் கூடிய மேடு. அதற்குக் கீழே இன்னொன்று.

அன்னக்கொடியின் விரல்களுக்கு அது புதிதில்லை. கீழே, மேசையில் கிடந்த எத்தனையோ பெண்களின் விலாவில் அதைத் தொட்டிருக்கிறாள். தொட்டுவிட்டு ஒவ்வொரு முறையும் ஒரே வரியைத்தான் எழுதியிருக்கிறாள்.

பழைய எலும்பு முறிவு. மரணத்தோடு தொடர்பில்லை.

பால் தம்ளரோடு மாமியார் வந்து நின்றாள்.

"என்ன டாக்டர், பார்த்தாச்சா? கீழே வண்டி நிக்குது. கூட்டிட்டுப் போகலாமா?"

அன்னக்கொடி எழுந்திருக்கவில்லை.

"இவங்களுக்கு வயித்து வலியே கிடையாதும்மா. வண்டியைத் திருப்பி அனுப்பிடுங்க."