தும்மிய அதிரசம்

தாமரைக் குளத்துக் காட்டில் காத்தாயி என்று ஒரு எருமை இருந்தாள். அந்தக் காட்டில் யார் யாருக்கு எதை அனுப்பினாலும் அவள் முதுகில்தான் போக வேண்டும்.

காத்தாயிக்கு ஒரே சட்டம். அனுப்புகிறவர் கூடையைத் திறந்து காட்டி, அவள் கண்ணெதிரே கட்ட வேண்டும். வாங்குகிறவர் அவள் கண்ணெதிரே பிரித்துப் பார்க்க வேண்டும். அப்புறம்தான் அவள் நகருவாள்.

சும்மா வந்த சட்டம் இல்லை அது. கரடி ஒரு தடவை, "வெறும் பஞ்சுதான்!" என்று சொல்லித் தேனடையை ஏற்றிவிட்டான். தேனீக்களோடு! மூன்று நாள் காத்தாயியால் ஒருக்களித்துக்கூடப் படுக்க முடியவில்லை.

ஆனால் காடு முழுக்க முணுமுணுப்பு. எல்லோரையும்விட அதிகம் முணுமுணுத்தவள் அஞ்சலை வாத்து. குளத்து நடுத் திட்டில் ஏழு முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருந்தாள். இன்றோ நாளையோ குஞ்சு பொரிக்க வேண்டியது.

"வச்சிட்டுப் போங்கக்கா! ஒவ்வொரு கூடைக்கும் நான் எழுந்து வந்தா முட்டை ஆறிப்போகாதா?"

"பிரிச்சுப் பாரு. போறேன்."

"என்ன பிடிவாதமோ!"

நல்ல வேலைக்கு ஐந்து தாமரை இதழ் கொடுப்பது அந்தக் காட்டு வழக்கம். அஞ்சலை அன்று ஒரே ஒரு இதழைக் கிள்ளிப் போட்டாள். அதுவும் வாடின இதழ்!

இதை எல்லாம் கரைப் புதரிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தான் மூக்கையன் நரி. அவனுக்கு நீச்சல் தெரியாது. ஏழு முட்டைகளையும் பார்த்துப் பார்த்து எச்சில் விழுங்கியே இளைத்துப்போனவன். "வச்சிட்டுப் போங்க" என்ற வார்த்தை காதில் விழுந்ததும் அவன் வால் நிமிர்ந்தது.

மறுநாள் உச்சி வெயிலில் துரைச்சாமி குரங்கு ஒரு பெரிய மூடுகூடையை இழுத்துக்கொண்டு வந்தான். நாவல் மரம் ஒன்றை விட்டுக்கொடுப்பதாக நரி அவனுக்கு ஆசை காட்டியிருந்தான்.

"காத்தாயி அக்கா! அஞ்சலைக்கு அவ அக்கா வீட்டுச் சீர். அதிரசம்!"

"திற."

"ஐயையோ! பிள்ளைப்பேற்றுப் பலகாரம்க்கா! தாய்க்காரி பார்க்கிறதுக்கு முன்னாடி வேற கண்ணு படலாமா? நாளைக்கு ஒரு குஞ்சு நொண்டினா உன் திருஷ்டிதான்னு ஊரே சொல்லும். ஏற்கெனவே ஒத்தை இதழ்தானாமே உனக்கு?"

அந்த ஒற்றை இதழ் காத்தாயிக்குச் சுருக்கென்று தைத்தது. 'இன்னிக்கு ஒரு நாள்தானே' என்று நினைத்தாள். கூடையைப் பிரிக்காமல் முதுகில் ஏற்றிக்கொண்டாள். புத்தியைக் கரையிலேயே விட்டுவிட்டுத் தண்ணீரில் இறங்கினாள்.

பாதிக் குளம் போயிருப்பாள். முதுகில் கூடை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நெளிந்தது. அப்புறம், "அச்சு!" என்று ஒரு தும்மல்.

காத்தாயி நின்றாள். "யாரது உள்ளே?"

"அதிரசம்!" என்றது கூடை.

"அதிரசம் பேசுமா?"

"அது... வெல்லம் கொஞ்சம் தூக்கல்!"

காற்று திரும்பியது. காத்தாயியின் மூக்கில் நரி வாடை குப்பென்று ஏறியது. எதிரே திட்டில் அந்த வாயாடி, ஏழு முட்டையோடு! 'திறந்து பார்க்காம நானே சுமந்து வந்துட்டேனே!'

அதற்குள் அஞ்சலை அங்கிருந்தே கத்தினாள். "அக்கா, கூடையா? வச்சிட்டுப் போங்க! நான் அப்புறம் பார்த்துக்கிறேன்!"

"சொல்றா இல்ல? வச்சிட்டுப் போயேன்!" என்று கூடையும் அவசரப்பட்டது.

"வைக்கிறேன், வைக்கிறேன்," என்றாள் காத்தாயி. "ஆனா அதிரசம் காஞ்சு போயிருக்கு போலிருக்கே. கொஞ்சம் ஊறினாத்தானே மெத்துன்னு இருக்கும்?"

சொல்லிவிட்டு, எருமைகள் வெயிலில் என்ன செய்யுமோ அதைச் செய்தாள். நடுக்குளத்தில் அப்படியே சப்பென்று உட்கார்ந்தாள்!

"ஐயோ! அம்மா! முழுகுறேன்!"

மூடி பிய்த்துக்கொண்டு பறந்தது. சேறும் பாசியும் சொட்ட மூக்கையன் வெளியே பாய்ந்து, காத்தாயியின் கொம்பைக் கட்டிக்கொண்டு தொங்கினான்.

திட்டில் அஞ்சலையின் அலகு திறந்தது திறந்தபடி நின்றது. இறக்கைகளை விரித்து ஏழு முட்டைகளையும் மூடிக்கொண்டாள்.

"அஞ்சலை! உன் சீர் வந்திருக்கு. வாங்கிக்கிறியா?"

"வேண்டாம்! வேண்டவே வேண்டாம்!"

"வேண்டாம்னா, அனுப்பினவனுக்கே திரும்பிப் போகும்."

கொம்பில் தொங்கிய நரியோடு கரைக்குத் திரும்பி, தலையை ஒரே உலுக்கு உலுக்கினாள். மூக்கையன் பறந்து போய்த் துரைச்சாமியின் மடியில் விழுந்தான். "எனக்கு இவனைத் தெரியவே தெரியாது!" என்று குரங்கு கத்த, "நாவல் மரத்துக்கு ஆசைப்பட்டவன் நீதானே!" என்று நரி அவன் காதைக் கடிக்க, இரண்டும் உருண்டன.

காத்தாயி மறுபடி திட்டுக்குப் போனாள். "முதல் தப்பு என்னோடதுதான். திறக்காம ஏத்தினது நான்," என்றாள்.

"நானும்தான் வச்சிட்டுப் போ, வச்சிட்டுப் போன்னு கத்தினேன்," என்றாள் அஞ்சலை. ஐந்து இதழ்களை எடுத்து நீட்டினாள். இந்தத் தடவை வாடாத இதழ்கள். அவள் இறக்கைக்கு அடியில் ஒரு முட்டை 'டிக்' என்று விரிசல் விட்டது.

அதற்கடுத்த வாரம், ஒரு காது கிழிந்த துரைச்சாமி முழுப் பலாப்பழத்தோடு வந்து நின்றான்.

"திற," என்றாள் காத்தாயி.

"அக்கா! பலாப்பழத்தைத் திறந்தா கையெல்லாம் பிசின் ஒட்டுமே!"

"எண்ணெய் தடவிக்கிட்டுத் திற!"

அனுப்புகிறவர் திறந்து காட்டி, சுமக்கிறவர் பார்த்து ஏற்றி, வாங்குகிறவர் பிரித்து வாங்கினால்தான் மூவருக்கும் பத்திரம். 'இன்னிக்கு ஒரு நாள்தானே' என்று விட்டுவிட்டால், அந்த ஒரு நாள்தான் நரி கூடைக்குள் ஏறி உட்காரும்.